மெக்சிகோ வீட்டில் சிரித்தது யார்

1

இந்தக் கதை நான் கேட்ட ஒரு கேள்வியில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்டுவதற்கு இது பரவாயில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் புறநகரான தகனினியில் மோட்டார்வே ஏறும் இடத்தில் வழக்கம்போல் வண்டிகள் நகராமல் நின்றன. பக்கத்து இருக்கையில் மாகிரட் அக்கா. எங்கள் தெருவில் நான்காவது வீடு. வழியில் ஒடாஹுஹுவில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறார். மோட்டார்வேயில் கார் ஓட்ட அவருக்குப் பயம். போன வருடம் வரை கணவர் நோபேட் கொண்டுபோய் இறக்கிவிடுவார். அவர் மாரடைப்பில் இறந்த பிறகு, எப்படியும் பென்ரோஸ் வரை தனியாகப் போகிற என் காரில் வர ஆரம்பித்தார்.

அன்றைக்குத் தன் போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினார். சின்னச் சமையலறை. அடுப்பில் ஒரு பாத்திரம். பால் விளிம்புக்கு வந்து, பொங்கி வழிகிறது. "பொங்கீட்டுது, பொங்கீட்டுது!" என்று நோபேட் அண்ணனின் குரல். அதற்குப் பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். அவ்வளவுதான்.

"இதுதான் எங்கட மெக்சிகோ வீடு. அவர் வாங்கின அண்டைக்கு எடுத்தது. வடிவா இல்லையே?" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"அழகா இருக்குக்கா. பால் யாரு காய்ச்சினது?"

"ஏன்? அவர்தான்."

"இல்ல, வீட்டுக்காரம்மாதானே காய்ச்சுவாங்க? நீங்க போகவே இல்லன்னு சொன்னீங்களே. சிரிக்கிறது யாரு?"

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. நானும் நகர்த்தினேன். மாகிரட் அக்கா போனைப் பைக்குள் போட்டு மூடினார். இறங்கும்போது எப்போதும் "தேங்ஸ் பிள்ளை" என்பார். அன்றைக்கு அது இல்லை.

2

முதலில் இதை இப்படித் தொடங்கியிருந்தேன்:

மெக்சிகோவின் கடற்கரை நகரமொன்றில், மஞ்சள் பூசிய அடுக்குமாடிக் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில், உப்புக்காற்று ஜன்னலை —

நிறுத்திவிட்டேன். அந்த ஊருக்கு நான் போனதில்லை. மஞ்சளா பச்சையா என்று தெரியாது. கடற்கரை என்றாலே உப்புக்காற்றை எழுதுகிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு.

அடுத்தது கட்டுரை மாதிரி:

வெளிநாட்டவர் அந்த நாட்டுக் கடலோர நிலத்தைத் தம் பெயரில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே —

இதையும் விட்டுவிட்டேன், ஆனால் விஷயம் தெரியாமல் கதை புரியாது. ஆகவே சுருக்கமாக. அங்கே கடற்கரைப் பக்கம் நீங்கள் ஒரு வீடு வாங்கினால், பத்திரம் அந்த நாட்டு வங்கி ஒன்றின் பெயரில் இருக்கும். வங்கி அதை உங்களுக்காக ட்ரஸ்டாக வைத்திருக்கும். நீங்கள் அங்கே குடியிருக்கலாம், வாடகைக்கு விடலாம், விற்கலாம், உங்களுக்குப் பிறகு யாருக்கு என்று முன்கூட்டியே சொல்லியும் வைக்கலாம். இத்தனைக்கும் வங்கிக்கு வருடம் ஒருமுறை கட்டணம் கட்டவேண்டும்.

(இந்த ஏற்பாட்டைக் கேட்டபோது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். மாகிரட் அக்காவின் வாழ்க்கை இந்தக் கதையில் என் பெயரில்தான் இருக்கப்போகிறது. நானும் அந்த வங்கியும் ஏறக்குறைய ஒரே தொழில்தான். எனக்குக் கட்டணம் யாரும் தருவதில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.)

தனக்குப் பிறகு மாகிரட் என்று நோபேட் அண்ணன் சொல்லிவைத்திருந்தார். இந்த வருடக் கட்டணத்தைக் கேட்டு அந்த ஊர் முகவரிடமிருந்து செய்தி வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் வீடு அக்காவிடம் இருக்கும். வேண்டாம் என்றால் சொல்லிவிடலாம், வாங்க ஆள் தயாராக இருக்கிறது, முகவரே விற்றுக் கொடுத்துவிடுவார். கட்டத்தான் போகிறேன் என்று சொல்ல வந்துதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வீடியோவைக் காட்டியிருக்கிறார். என் கேள்விக்குப் பிறகு கட்டுவதாகச் சொல்லவில்லை.

3

நோபேட் அண்ணனை எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ரொம்ப நல்லவராக இருக்கிறார்.

மன்னார்க்காரர். பென்ரோஸில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மாதா கோயில் வாசலில் நாற்காலிகளை அடுக்கியது அவர்தான். என் காருக்கு வாரண்ட், அதாவது ஓடத் தகுதியானது என்கிற சான்று, முடிகிற தேதி எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும். இப்படி ஒரு ஆள் கதையில் வந்தால் என்ன செய்வீர்கள்? நானாக இருந்தால் அவர் எதை மறைக்கிறார் என்று தேடுவேன். தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை, அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

வீடு வாங்கிய விதத்தையாவது பாருங்கள். 2017இல் டொரொன்டோவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிறார். பள்ளிக்கூடத்துக் கூட்டாளி யசீகரன் அங்கே இருக்கிறார். டொரொன்டோக்காரர்களுக்குக் குளிர்காலத்தில் மெக்சிகோ என்பது இங்கே நமக்கு லீவுக்குக் காரெடுத்து ரோட்டருவா போகிற மாதிரி. இரண்டு பேரும் ஒரு வாரம் போகிறார்கள். போன இடத்தில் ஒரு படுக்கையறை வீடு ஒன்று மலிவாக வருகிறது. அண்ணன் புதுக் கார் வாங்கச் சேர்த்து வைத்திருந்ததை அதில் போட்டுவிடுகிறார். அக்காவிடம் கேட்டுத்தான் செய்தார்.

"உங்கட விருப்பம் எண்டு சொன்னனான். எனக்கு அவரில அவ்வளவு நம்பிக்கை" என்றார் மாகிரட் அக்கா.

அதன் பிறகு அவரோ இவரோ அங்கே போகவே இல்லை. மகள் றெபேக்காவின் படிப்பு, பிறகு வீட்டு மோர்ட்கேஜ், பிறகு கோவிட். ஆனால் வருடம் தவறாமல் கட்டணம் கட்டுவார். கட்டிய அன்று மாலை மீனும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு வந்து, சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, "இன்னும் ஒரு வருசம் நாங்கள் கடற்கரைக்காரர்" என்பாராம். வீட்டில் மூன்று பேரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்களாம்.

(போகாத வீட்டுக்கு ஒரு மனிதர் வருடா வருடம் ஏன் இவ்வளவு ஆசையாகப் பணம் கட்டுகிறார்? இதை நான் அக்காவிடம் கேட்கவில்லை. ஆனால் புதன்கிழமை காலை அவரே என்னிடம் கேட்டார். என் வியாதி அவருக்கும் தொற்றிவிட்டது என்று அப்போது தெரிந்தது.)

4

புதன்கிழமை, மறுபடியும் மோட்டார்வே. அக்கா என் காரிலிருந்தே டொரொன்டோவுக்கு அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டார். நான் கேட்கவேண்டும் என்று போட்டாரா, கை தவறிப் பட்டதா என்று இன்றைக்கும் தெரியாது.

"யசி, ஒரு விசயம் கேக்கோணும். மெக்சிகோ வீட்டில பால் காய்ச்சேக்க ஆர் ஆர் நிண்டனீங்கள்?"

"என்னக்கா திடீரெண்டு? நானும் நோபேட்டும்தான்."

"வீடியோ எடுத்தது ஆர்?"

"நான்தான்."

"அப்ப சிரிக்கிறது ஆர்? பொம்பிளைச் சிரிப்பு."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் குறைந்தது.

"அது… ரதியாத்தான் இருக்கும் அக்கா. ஓம், ரதி நிண்டவ."

பின்னால் இருந்து ஒரு குரல். அது அவர் மனைவி ரதிதேவி. "நானோ? நான் எப்ப மெக்சிகோ போனனான்? எனக்கு அப்ப பாஸ்போட்டே இல்லை!"

"சும்மா இரும் நீர்!" என்று அவர் அதட்டினார். பிறகு எங்களிடம், "எட்டு வருசமாகுது அக்கா. எனக்கு ஞாபகமில்லை. பக்கத்து வீட்டு ஆக்கள் ஆரும் வந்திருப்பினம். நீங்கள் கண்டதையும் யோசியாதேங்கோ."

அக்கா போனை அணைத்தார். கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஒடாஹுஹுவுக்குத் திரும்புமிடத்தில் சொன்னார்:

"வீடு போனாப் போகட்டும் பிள்ளை. முப்பது வருசம் ஒண்டா இருந்த மனுசன் ஆர் எண்டு எனக்குத் தெரியோணும்."

யசீகரன் பொய் சொல்கிறார் என்று எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். எட்டு வருடத்துக்கு முந்திய ஒரு காலை நேரத்தில் யார் சிரித்தார்கள் என்று திடீரென்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? வாயில் வந்த பெயரைத்தான் சொல்வீர்கள். அது உங்கள் மனைவியின் பெயராக இருப்பது இயல்புதானே?

அல்லது மனைவியின் பெயரைச் சொல்லித் தப்பப் பார்க்கிறாரா? இதற்கு மேல் யசீகரனை இந்தக் கதைக்குள் விடப்போவதில்லை. அவர் சொல்லும் எதுவும் இனி எனக்கு உதவாது.

5

வியாழக்கிழமை மாலை அக்கா வீட்டில் நான், அக்கா, றெபேக்கா. றெபேக்கா இங்கே பிறந்தவள், பிசியோதெரபி படிக்கிறாள். அம்மா தமிழில் கேட்க அவள் இங்கிலீஷில் பதில் சொல்வது அந்த வீட்டு வழக்கம்.

அக்கா வீடியோவைப் போட்டார். அவள் கேட்டாள். மறுபடி போடச் சொன்னாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"மம், தட்ஸ் யூ."

"என்ன?"

"தட்ஸ் யுவர் லாஃப். டாட் வாஸ் ஆன் த போன் வித் யூ."

அவள் சொன்னதன் சாரம் இது. அப்பா தன் போனில் அம்மாவை அழைத்து அடுப்புப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அம்மா இல்லாமல் அவர் பால் காய்ச்சியிருக்கவே மாட்டார். யசி மாமா தன் போனில் வீடியோ எடுத்திருக்கிறார். அடுப்புப் பக்கத்துப் போனிலிருந்து வருவது அம்மாவின் சிரிப்பு.

மாகிரட் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அங்க விடிய எண்டா இங்க நடுச்சாமம். அந்தக் கிழமை எனக்குச் சரியான காய்ச்சல். மருந்து குடிச்சிட்டுப் படுத்தனான். அவர் எடுத்தவரோ, கதைச்சனானோ, ஒண்டும் ஞாபகமில்லை."

(காய்ச்சல், மருந்து, மறதி. இப்படி ஒரு வசதியான காய்ச்சலை நான் கற்பனையில் எழுதியிருந்தால் நீங்கள் புத்தகத்தை மூடியிருப்பீர்கள். நான் எழுதவில்லை. அக்காதான் சொன்னார். ஆனால் நான் எழுதவில்லை என்று நான் சொல்வதை நீங்கள் ஏன் நம்பவேண்டும்?)

"எனக்கு என்ர சிரிப்பு மாதிரி இல்லையே" என்றார் அக்கா.

"நோபடி நோஸ் தேர் ஓன் லாஃப், மம்."

இது உண்மை. பதிவில் கேட்கும்போது நம் குரலே நமக்கு அந்நியமாக இருக்கும். அக்கா சிரித்துக் காட்டட்டும், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். அக்கா முயன்றார். வாயைத் திறந்தார், ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பே இல்லை. கணவர் போன பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கிளம்பும்போது றெபேக்கா வாசல் வரை வந்தாள். இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அவளிடம் உளறிவிட்டேன். அது உண்மையிலேயே அம்மாவின் சிரிப்புதானா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். "ஷீ நீட்ஸ் டு ஸ்லீப்" என்றாள். அம்மா தூங்கவேண்டுமாம்.

இதற்கு என்ன அர்த்தம்? ஆமா என்றா, இல்லை என்றா? வீடு கைவிட்டுப் போகக்கூடாது என்று சொல்கிறாளோ, கடற்கரை வீடு எந்தப் பெண்ணுக்குத்தான் கசக்கும் என்று கூட நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன், ஆனால் நினைத்தேன்.

6

வியாழன் இரவே மூன்று முடிவுகள் எழுதினேன். எந்தக் கதைக்கும் நான் முடிவு தெரிந்து உட்கார்ந்ததில்லை. இதற்கு மட்டும் மூன்று தேவைப்பட்டது.

முதல் முடிவு. அக்கா மெக்சிகோ போகிறார். கதவைத் தட்டுகிறார். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து திறக்கிறாள், அவள் கையில் நோபேட் அண்ணனின் கோப்பை —

வேண்டாம். எனக்கே பிடிக்கவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் எல்லாரும் முதலில் எழுதுகிற முடிவு இது.

இரண்டாம் முடிவு. அக்கா கட்டவில்லை. வீடு விலைபோகிறது. அந்தப் பணத்தில் மோர்ட்கேஜில் ஒரு பகுதி அடைகிறது. வீடியோவை அழித்துவிடுகிறார். யாரும் எதையும் தெரிந்துகொள்ளவில்லை. நோபேட் அண்ணன் கடைசி வரை பாதி நல்லவராகவே நின்றுவிடுகிறார்.

நடக்கக்கூடிய முடிவு இது. ஆனால் இதற்குக் காரணம் என் ஒரு கேள்வி என்றால், அதற்குப் பிறகு நான் எப்படி அந்தப் பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு போவேன்?

மூன்றாம் முடிவு அந்தக் காலை நேரத்தைப் பற்றியது. அதை மட்டும் முழுதாக எழுதினேன். அடுப்புப் பக்கத்தில் போன். இந்தப் பக்கம் தகனினியில் காய்ச்சலோடு அக்கா. "இஞ்ச பாருமப்பா, நீர்தான் காய்ச்சுறீர், நான் உமக்காகக் கை பிடிக்கிறன்" என்கிறார் அண்ணன். பால் பொங்குகிறது. அண்ணனும் யசீகரனும் கையைத் தட்டி "பொங்கலோ பொங்கல்!" என்று கூவுகிறார்கள். அக்கா சிரிக்கிறார்.

எழுதி முடித்துப் படித்தபோது நானே நம்பிவிட்டேன். அதனால் அதைத்தான் அதிகம் சந்தேகிக்கிறேன்.

7

வெள்ளிக்கிழமை. கட்டணத்துக்குக் கடைசி நாள். வேலை முடிந்து அக்காவை வீட்டில் இறக்கிவிட்டபோது உள்ளே வரச் சொன்னார். சமையலறை மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. பணம் அனுப்புகிற பக்கம். எல்லாம் நிரப்பியிருந்தார். அழுத்தவேண்டியது மட்டும்தான் பாக்கி.

"எங்களைப் பற்றி எழுதுறீர் எண்டு றெபேக்கா சொன்னவள். தாரும் பாப்பம்."

மறைக்க முடியவில்லை. போனைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முதல் முடிவில் முகம் இறுகியது. இரண்டாவதை வேகமாகத் தள்ளிவிட்டார். மூன்றாவதைப் படித்துக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நின்றார். மறுபடி அந்த வரிக்கே போனார்.

பிறகு சிரித்தார்.

சும்மா ஒரு சிரிப்பு இல்லை. மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தார்.

"பொங்கலோ பொங்கலோ? ஐயோ பிள்ளை, வேதக்காரர் பால் காய்ச்சேக்க பொங்கலோ பொங்கல் எண்டு கத்துவினமோ? ஒரு செபம் சொல்லி, சிலுவை போட்டுட்டுக் காய்ச்சுவம்! நோபேட் கேட்டிருக்கோணும், ஒரு மாசத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பார்!"

அந்த வீடியோவை இந்த வாரத்தில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அக்கா தந்து என் போனிலும் இருக்கிறது. வீடியோவிலிருக்கும் சிரிப்பு மனப்பாடம். இப்போது நேரில் ஒரு சிரிப்பு. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சிரிப்பு எப்படித் தொடங்கியது, எங்கே மூச்சு வாங்கியது, எப்படி முடிந்தது என்று எல்லாமே கேட்டேன்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா கண்ணாடியைக் கழற்றினார். என்னை நேராகப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, அதே சிரிப்போ?"

நான் ஒப்பிட்டுக்கொண்டிருப்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அப்படியானால் இப்போது சிரித்தது தானாக வந்த சிரிப்பா, எனக்குக் கேட்கக் கொடுத்த சிரிப்பா? வீடியோவைத்தான் அவரும் இரவெல்லாம் கேட்டிருப்பாரே. ஒருவர் ஒரு சிரிப்பைக் கேட்டுக் கேட்டுப் பழக முடியுமா? கண்ணில் வந்த தண்ணீரை அப்படி வரவழைக்க முடியுமா? என் அசட்டு வரிக்காகத்தான் சிரித்தாரா, அல்லது சிரிக்க ஒரு சாக்கு வேண்டியிருந்ததா?

அவர் விரல் லேப்டாப் மேல் இருந்தது. அவர் என் பதிலுக்குக் காத்திருந்தார். வேறு யாரிடமும் கேட்க முடியாது. மகள் அம்மாவைத் தூங்கவைப்பதற்காக எதையும் சொல்வாள், யசீகரன் வாயில் வந்ததைச் சொல்வார். எல்லாவற்றையும் சந்தேகிக்கிற ஒருத்தி சொன்னால் அது நிஜமாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

"ஆமாக்கா. அதேதான்" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு அழுத்தினார். திரையில் பணம் போய்விட்டது என்று வந்தது.

"இன்னும் ஒரு வருசம் நாங்கள் கடற்கரைக்காரர்" என்றார். எழுந்து, றெபேக்காவுக்குப் போன் போட்டு, வரும்போது மீனும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். எனக்கும் சேர்த்து வாங்கச் சொன்னார். அடுத்த வருடம் போய்த் தன் கையால் பால் காய்ச்சப்போவதாகவும், அப்போது யாரும் பொங்கலோ பொங்கல் என்று கத்தக்கூடாது என்றும் என்னிடம் சொன்னார்.

சாப்பிட்டேன். மீன் நன்றாக இருந்தது.

நான் சொன்ன "ஆமா" உண்மையா என்று நீங்கள் கேட்பீர்கள். இதுவரை எல்லாவற்றையும் சொன்னவள், இதை மட்டும் சொல்லப்போவதில்லை. வேண்டுமானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: வங்கியிடம் சொல்லிவைப்பதுபோல, எனக்குப் பிறகு இந்தக் கதை உங்களுக்கு என்று சொல்லிவைக்கிறேன்.

அடுத்த வருடம் கட்டணம் வரும். அழுத்துவதற்கு முன்னால் மாகிரட் அக்கா மறுபடி ஒருமுறை அந்த வீடியோவைப் போடுவார், எனக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார். அப்போது நான் இல்லையென்றால், நீங்கள்தான் இருப்பீர்கள்.

அவர் கேட்பார். உடனே பதில் சொல்லவேண்டும். தயங்கினால் கண்டுபிடித்துவிடுவார்.